சாம்பிள் எடுத்த நேரம்

கேப்பா எண் கன்ட்ரோல் ரூமைப் போய்ச் சேரும்போது அதற்கு முக்கால் மணி நேரம் வயதாகியிருக்கும். பேப்பர் மில் லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்வது இது. டைட்ரேஷனெல்லாம் கல்லூரியிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கையிலுள்ள எண் எத்தனை மணிக் கூழுக்குச் சொந்தம் என்று யோசிக்கும் பழக்கம் ஷிப்டில் நின்றால்தான் வரும். சிலருக்கு நின்றாலும் வருவதில்லை.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கரும்புச் சக்கையிலும் தைலமரத்திலும் சவுக்கிலும் நார்களை ஒட்டிப் பிடித்திருப்பது லிக்னின். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த ஒயிட் லிக்கரில், அழுத்தத்தில், 160, 170 டிகிரிச் சூட்டில் வேகவைத்தால் லிக்னின் கரைந்து நார் பிரியும். கார்ல் டால் என்ற ஜெர்மன் வேதியியலர் 1879-ல் கண்ட வழி இது. உலகின் இரசாயனக் கூழில் பெரும்பகுதி இன்றும் இப்படித்தான் வருகிறது. லிக்னின் முழுக்கக் கரையட்டும் என்று வேகவிட்டால் நாரும் சேர்ந்து கெடும். அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்துகிறோம். அந்த மிச்சத்தைச் சொல்வதுதான் கேப்பா: ஒரு கிராம் உலர்ந்த கூழ், குறிப்பிட்ட வீரியமுள்ள பெர்மாங்கனேட்டில் எத்தனை மில்லியைத் தின்கிறது என்ற கணக்கு. அதை 0.15-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ லிக்னின் சதவீதம். மரக்கூழில் 18, 20 வைத்துக்கொள்வோம். சக்கைக் கூழில் எங்கள் இலக்கு 12.

வெந்த கூழைக் கழுவும் வாஷர் டிரம்மிலிருந்து ஒரு பிடி பிய்த்து வாளியில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்து, கழுவி, புனலில் உறிஞ்சித் தட்டையாக்கி, பிழிந்து, உலர்த்தி, எடை போட்டு, தண்ணீரில் நார்நாராகக் கலக்கி, அமிலமும் பெர்மாங்கனேட்டும் சேர்க்க வேண்டும். அங்கிருந்து சரியாகப் பத்து நிமிடம், 25 டிகிரியில். பத்தாவது நிமிடம் பொட்டாசியம் அயோடைடை ஊற்றி வினையை நிறுத்தினால் ஊதா போய்ப் பழுப்பாகும். தயோசல்பேட் சொட்டச் சொட்ட அது வைக்கோல் நிறத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் ஸ்டார்ச் விட்டால் கருநீலம். இன்னும் சில சொட்டில் பளிச்சென்று நிறம் போய்விடும். இதற்குள் போன் இரண்டு தடவை அடித்திருக்கும்.

“என்னங்க சார், இன்னும் வரலைங்களா?”

இதில் தப்பு நுழையும் இடம் பெரும்பாலும் பியூரெட் இல்லை, எடைதான். கூழில் ஈரம் எவ்வளவு என்பது தெரியாவிட்டால் அது ஒரு கிராம் உலர்ந்த கூழா, 0.9 கிராமா என்பதும் தெரியாது. அவசரத்தில் ஈரத்தைக் கண்மதிப்பில் போட்டுவிட்டு, தயோசல்பேட்டை இரண்டாவது தசம ஸ்தானம் வரை படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு 240 டன் கூழ் எடுக்கும் லைன் என்றால் மணிக்கு 10 டன். முக்கால் மணி நேரத்தில் ஏழரை டன் போய்விட்டது. நான் போனில் சொல்லும் 14 என்பது அந்த ஏழரை டன்னுக்கும் முன்னால் போன ஒரு பிடிக் கூழுடையது. அதைக் கேட்டு ஆபரேட்டர் லிக்கரை ஏற்றினால், ஏற்றுவது வேறு கூழுக்கு. சக்கை, குழாய் டைஜஸ்டரில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்து வெளியே வந்துவிடும். அதற்குள் சக்கைக் குவியலின் வேறொரு பக்கத்திலிருந்து வண்டி வரத் தொடங்கியிருக்கலாம், ஈரம் மாறியிருக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் அந்தச் சோறு ஒரே அடுப்பில், ஒரே உலையில், ஒரே நேரத்தில் வெந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கூழுக்கு அந்தப் பழமொழி செல்லாது.

எங்கள் லைனில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். வாஷரில் கையை விட்டு ஒரு உருண்டை எடுத்து, பிழிந்து, இரண்டாகப் பிய்த்து, பிய்ந்த இடத்தை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிப்பார். நிறத்தையும், வேகாத சக்கைத் துணுக்குகள் எத்தனை துருத்திக்கொண்டிருக்கின்றன என்பதையும் பார்த்து ஒரு எண் சொல்வார். லேப் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் ஒன்று, ஒன்றரைதான் வித்தியாசம் இருக்கும். அதைவிட முக்கியம், என் ரிசல்டைக் கேட்டதும் அவர் கேட்கும் கேள்வி: “சாம்பிள் எப்பங்க சார் எடுத்தது?” நேரம் சொன்ன பிறகுதான் வால்வில் கை வைப்பார். அதுவும் ஒரே ரிசல்டை நம்பி முழுத் திருத்தம் செய்ய மாட்டார். பாதி திருத்திவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் பொறுப்பார். பக்கத்து ஷிப்டில் ஒருவர் ஒவ்வொரு ரிசல்டுக்கும் முழுசாகத் திருத்துவார்; அவர் ஷிப்டில் கேப்பா 10-க்கும் 15-க்குமாக ஊஞ்சலாடும். காரணம் சக்கை என்று லாக் புக்கில் எழுதிவிட்டுப் போவார். சக்கை பாவம், எதையும் தாங்கும்.

மரக்கூழ்ப் பக்கம் இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1957-ல் விரூம் என்பவர் வேகும் நேரத்தையும் சூட்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கிக் காட்டினார். எச்-ஃபேக்டர் என்று பெயர். லிக்கரின் அளவையும் வீரியத்தையும் சரியாக வைத்துக்கொண்டு, அந்த எண் இலக்கைத் தொட்டதும் டைஜஸ்டரைக் காலி செய்தால் கேப்பா ஏறத்தாழ எதிர்பார்த்த இடத்தில் நிற்கும். கேப்பாவை அளக்கும் முன்பே அதை முடிவுசெய்துவிடுகிற தந்திரம். லிக்கரின் வீரியம் நிஜமாகவே நாம் நினைத்த வீரியம்தான் என்றால்.

அந்த ‘என்றால்’ பொல்லாதது. ஒயிட் லிக்கரின் வீரியத்தை பி.எச். மீட்டர் சொல்லாது. புதிதாக வந்த எஞ்சினியர் யாராவது ‘காஸ்டிக்தானே, பி.எச். புரோப் போட்டுவிடலாமே’ என்று ஒருமுறை கேட்பார். அந்தக் காரத்தில் கண்ணாடி மின்முனை சோடியத்தையும் ஹைட்ரஜன் என்று எண்ணிக்கொள்ளும். 14-ஐ ஒட்டி ஏதோ ஒன்று காட்டிக்கொண்டு நிற்கும். லிட்டருக்கு 80 கிராமா 95 கிராமா என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது. அங்கே கடத்துத்திறன் பார்க்கும் கருவிதான் உதவும். அதுவும் லிக்கரைத் தொடாமல் சுருளால் அளக்கும் வகை. தொட்டு அளப்பதன்மேல் சுண்ணாம்பு படிந்துவிடும்.

கருவியைச் சரிபார்க்க லேபில் மூன்று கட்ட டைட்ரேஷன். பேரியம் குளோரைடு விட்டுக் கார்பனேட்டைப் படியவைத்து, பினாப்தலீன் இளஞ்சிவப்பு போகும்வரை அமிலம். பிறகு பார்மால்டிஹைடு விட்டால் சல்பைடில் ஒளிந்திருந்த காரம் வெளிவந்து மறுபடி இளஞ்சிவப்பு பூக்கும். அது போகும்வரை மறுபடி அமிலம். கடைசியாக மீதைல் ஆரஞ்சு. மூன்று ரீடிங்கில் காரம், சல்பைடு, கார்பனேட் மூன்றும் தனித்தனியாக வந்துவிடும். இவ்வளவு அழகான டைட்ரேஷன் இந்தத் தொழிலில் வேறில்லை என்பேன். கண் எரிச்சல் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாம்பிள் பாட்டிலை வாய்வரை நிரப்பி மூட வேண்டும்; பாதி நிரப்பி வைத்தால் மேலே உள்ள காற்று சல்பைடைத் தின்றுவிடும். மேஜைமேல் ஒரு மணி நேரம் திறந்து கிடந்த லிக்கரின் ரிசல்ட், டாங்கியில் இருக்கும் லிக்கரின் ரிசல்ட் ஆகாது.

வெளுப்புப் பகுதிக்கு வருவோம். குளோரின், காஸ்டிக், ஹைப்போ (ஹைப்போகுளோரைட்) என்று மூன்று கட்டமாக வெளுத்த காலத்தில் ஹைப்போ டவரின் பி.எச்.தான் எங்களுக்குப் பெரிய கவலை. முடிவில்கூட அது 9-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 7-ஐ நோக்கி இறங்கினால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகி, லிக்னினை விட்டுவிட்டு செல்லுலோஸையே வெட்ட ஆரம்பிக்கும். கூழ் பார்க்க நல்ல வெள்ளையாகத்தான் இருக்கும். பிரைட்னஸ் நன்றாக வரும். சங்கிலி அறுந்திருப்பது விஸ்காசிட்டி பார்த்தால்தான் தெரியும். அதற்குக் கூழைச் செம்புக் கரைசலில் கரைத்து நுண்குழாயில் ஓடவிட வேண்டும். அந்த ரிசல்ட் வருவதற்குள் கூழ் மெஷினுக்கே போய், பேப்பர் படபடவென்று அறுந்து, மெஷின்காரர்கள் நம்மைத் திட்டி முடித்திருப்பார்கள்.

அப்படி ஒரு இரவு. எந்த ஆலை என்பது வேண்டாம். ஆன்லைன் பி.எச். மீட்டர் வந்த புதிது; திரையில் 9.6. ஷிப்ட் முழுக்க 9.6. எல்லோருக்கும் சந்தோஷம். விடிகாலையில் பிளீச்சிங் ஹெல்பர் ஒருவர், டீ டம்ளரோடு திரைப்பக்கம் வந்தவர், “ஏனுங்க சார், இந்தக் கோடு ராத்திரி பூரா ஆடவே இல்லைங்களே” என்றார். டவர் வாயில் சாம்பிள் எடுத்தோம். பி.எச். தாள் அங்கே ஆகாது, ஹைப்போவில் தாளின் நிறமே வெளுத்துவிடும். கையில் எடுத்துப்போகும் மீட்டரை வைத்துப் பார்த்தால் 7.4. காஸ்டிக் பம்பின் வடிகட்டி அடைத்துக்கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய மீட்டரோ, நார் அடைத்த சாம்பிள் குழாயின் முடிவில், முந்தைய ஷிப்டில் வந்த கூழ்த் தண்ணீரில் நனைந்தபடி, தன் முன்னால் இருந்ததை மிகச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. எட்டு மணி நேரத்துக்கு முந்தைய உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆன்லைன் கருவி வந்தால் எண்ணின் வயது பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் விற்க வந்தவர் சொன்னார். பாதி உண்மை. லேப் ரிசல்டுக்கு வயது உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். திரையில் விநாடிக்கு விநாடி மின்னும் எண்ணுக்கு வயது இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. அதற்குப் பிறகு சாம்பிள் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்பதைப் பார்ப்பதும், மின்முனையை நீர்த்த அமிலத்தில் கழுவி 7, 9.2 பஃபரில் சரிபார்ப்பதும் ஒவ்வொரு ஷிப்டின் முதல் வேலையானது. கோடு ஆடாமல் நின்றால் அலாரம் அடிக்கும்படி இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் ஒரு ஏற்பாடும் செய்துகொடுத்தார்கள். எல்லை தாண்டினால் கத்தும் அலாரத்தைவிட இது பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

பி.எச். என்ற அளவுகோலை 1909-ல் கொடுத்தவர் சோரன்சென், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில். 1934-ல் ஆர்னால்ட் பெக்மன் அமெரிக்காவில் மீட்டராகச் செய்தது எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க. பீருக்கும் எலுமிச்சைக்கும் பிறந்ததைக் கொண்டுவந்து சுண்ணாம்பும் பிசினும் நாரும் கலந்த சூடான குழம்பில் முக்கிவிட்டு, ஏன் ஒழுங்காகக் காட்டவில்லை என்று திட்டுகிறோம்.

குளோரின் காலம் போயிற்று. 2003-ல் வந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சாசனம், கழிவுநீரில் போகும் குளோரின் ஏறிய கரிமப் பொருள்களுக்கு, டன் காகிதத்துக்கு முதலில் 1.5 கிலோ, பிறகு 1 கிலோ என்று வரம்பு போட்டது. பெரிய ஆலைகள் குளோரின் டையாக்சைடுக்கு மாறின. அதை வெளியிலிருந்து வாங்கி லாரியில் கொண்டுவர முடியாது. காற்றில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் வெடித்துச் சிதறும் வாயு. ஆலைக்குள்ளேயே தயாரித்துக் குளிர்ந்த நீரில் கரைத்து வைக்க வேண்டும். அங்கே வாயுக் கசிவைக் கருவியை நம்பித்தான் பார்க்க வேண்டும். மூக்கை நம்பலாம் என்று சொல்கிற பழைய ஆட்களிடம் நான் சண்டை போட்டதுண்டு. டைஜஸ்டர் பக்கத்து ஹைட்ரஜன் சல்பைடையே பாருங்கள், அழுகிய முட்டை வாடையோடு வரும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு வந்துவிட்டால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது என்று ஆள் இன்னும் உள்ளே போவான்.

எண்ணின் வயதைக் கொஞ்சமும் பொறுத்துக்கொள்ள முடியாத இடம் ரிக்கவரி பாய்லர். வேகவைத்து வடித்த பிளாக் லிக்கரைச் சுண்டவைத்து அங்கேதான் எரிக்கிறோம். அடியில் 800 டிகிரிக்கு மேல் உருகிய உப்புக் குழம்பு கிடக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். லிக்கர் நீர்த்துப்போனால் அதுவும் தண்ணீர் மாதிரிதான். திடப்பொருள் 58 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பாய்லருக்குப் போகும் லிக்கர் தானாகத் திசைமாற வேண்டும் என்று அமெரிக்க பாய்லர் ஆலோசனைக் குழு ஒன்று வகுத்த விதியைத்தான் நாங்களும் பின்பற்றினோம். லேபில் அடுப்பில் உலர்த்தித் திடப்பொருள் சொல்ல மணிக்கணக்கில் ஆகும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? அதனால் திடப்பொருளை உடனுக்குடன் சொல்ல, குழாயிலேயே வரிசையாக இரண்டு ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று 58-க்குக் கீழே காட்டினாலும் லிக்கர் திரும்பிவிடும். உற்பத்தி நிற்கிறதே என்று அதை ஓரங்கட்டச் சொல்லும் மேலதிகாரிகள் உண்டு. என்னோடு வேலை பார்த்த பாய்லர் ஆபரேட்டர் அப்படிப்பட்ட போனுக்கு, “எழுத்துல குடுங்க சார்” என்பார். எழுத்தில் வந்ததேயில்லை.

பேப்பர் மெஷினில் இந்தக் கதை தலைகீழாகும். அதற்கு முன் கொஞ்சம் பின்னணி. 1807-ல் இல்லிக் என்ற ஜெர்மானியர் ரோசினையும் படிகாரத்தையும் சேர்த்துக் காகிதத்தில் மை ஊறாமல் செய்தார். உங்கள் அலமாரியில் மஞ்சளடித்து, மடித்தால் ஒடிகிற பழைய நாவல்களுக்கு அந்தப் படிகாரத்தின் அமிலம் ஒரு முக்கியக் காரணம். பி.எச். 4.5-ல் ஓடிய மெஷின்கள் பிறகு ஏ.கே.டி. என்ற மெழுகுப் பொருளுக்கும் சுண்ணாம்புக் கார்பனேட்டுக்கும் மாறி, 8-ஐ ஒட்டி ஓடின. மாறிய காலத்தில் ஒரே கூத்து. ஒரு மெஷின் கார்பனேட்டில், பக்கத்து மெஷின் இன்னும் படிகாரத்தில். கார்பனேட் மெஷினில் அறுந்த காகிதத்தைப் படிகார மெஷினில் கரைத்துவிட்டார்கள் என்றால் அமிலத்தில் கார்பனேட் பொங்கி, கரியமில வாயு கிளம்பி, ஹெட்பாக்ஸ் முழுக்க நுரை. காகிதத்தில் ஊசித் துளைகள். பி.எச். மீட்டர் மெதுவாக ஏறுவதைக் காட்டுவதற்குள் நுரை தரைக்கு வந்திருக்கும்.

ஏ.கே.டி.யில் எங்களைக் குழப்பியது காப் எண். ஒரு சதுர மீட்டர் காகிதம் 60 விநாடியில் எத்தனை கிராம் தண்ணீர் குடிக்கிறது என்பது அது. ரீலிலிருந்து சுடச்சுடக் கிழித்துப் பார்த்தால் 40 வரும். மெஷின் ஆட்கள் பதறி ஏ.கே.டி.யை ஏற்றுவார்கள். அதே ரீலை மறுநாள் பார்த்தால் 24. ஏ.கே.டி. காகிதத்துக்குள் பரவி நாரோடு பிணைய நேரம் எடுக்கும். ரீலில் சூட்டோடு கிடக்கும்போதும் அந்த வேலை நடந்துகொண்டிருக்கும். இங்கே எண் பழசாக இருந்ததால் தொல்லை இல்லை, பிஞ்சாக இருந்ததால் தொல்லை. துண்டை ஓவனில் சில நிமிடம் சுட்டு, பிறகு காப் பார்ப்பது என்று வழக்கமாக்கியதும் ஏ.கே.டி. செலவு இறங்கியது, அது அதிகமானால் வரும் காகித வழுக்கலும் குறைந்தது.

கழிவுநீருக்கு வந்தால் வயது நாள் கணக்காகும். பி.ஓ.டி. நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது. ரிசல்ட் வரும்போது அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சி.ஓ.டி.க்கு டைக்ரோமேட்டில் இரண்டு மணி நேரக் கொதிப்பு. 2014-ல் வாரியம் காகிதம் உட்பட 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. எண் நேராக அவர்கள் சர்வருக்குப் போகிறது. பல கருவிகள் பி.ஓ.டி.யை அளப்பதில்லை, புற ஊதா ஒளியைத் தண்ணீர் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்கு எந்தக் கழிவுநீருக்குப் போடப்பட்டதோ அதற்குத்தான் பொருந்தும். சக்கை ஓடும் மாதத்தில் போட்டதை மரம் மட்டும் ஓடும் மாதத்தில் நம்ப முடியாது. லேப் பாட்டில்களை இன்னும் 27 டிகிரியில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பழைய லாக் புக்கில் ஒரு வசதி இருந்தது. கோடு போட்ட தாள். ஓரத்தில் சாம்பிள் நேரத்தைக் கிறுக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ரிசல்ட் போடும் முறை வந்தபோது, என்டர் தட்டிய நேரமே ரிசல்டின் நேரமாகப் பதிவாயிற்று. கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரான டி.சி.எஸ்.ஸின் வரைபடத்தில் கேப்பா முக்கால் மணி நேரம் தள்ளி நின்றது. அதையும் டைஜஸ்டர் சூட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த இளம் எஞ்சினியர்கள் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். சாம்பிள் எடுத்த நேரத்துக்கு ஒரு தனிக் கட்டம் வேண்டும் என்று நான் கேட்டு, கூட்டம் போட்டு, மென்பொருள்காரர் வந்து பார்த்து, ஒருவழியாகச் சேர்த்தார்கள். நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. இப்போது சில ஷிப்டுகளில் இரண்டு கட்டத்திலும் ஒரே நேரம் விழுகிறது. அந்த ஷிப்டுகளில் யார் இருந்தார்கள் என்று பார்த்துவிட்டு, சாம்பிள் வாளியை எடுத்துக்கொண்டு வாஷர் மாடிக்கு அவர்களோடு நானும் ஏறுகிறேன்.